நாற்பதடித் தண்ணீர்

திருச்செங்கோட்டு அன்புவைப் பற்றிச் சொல்வதென்றால், அவன் எங்கெல்லாம் இல்லாமல் போனான் என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மகள் யுவஸ்ரீ பிறந்தபோது ராஜஸ்தானில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். அப்பன் செத்தபோது தான்சானியாவில். புதுவீட்டில் பால் காய்ச்சியபோது எங்கே என்று அவனுக்கே நினைவில்லை. போர் போடுகிற ரிக் வண்டிக்காரன் பிழைப்பு அப்படி. துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு தூக்குகிற ஆளாக ஏறியவன் ஐம்பது வயதில் டிரில்லராக நிற்கிறான் என்பது ஊருக்குப் பெருமை. கட்டினவளுக்கு என்ன பெருமை? அறிவுச்செல்வி வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. யுவஸ்ரீக்கு ஆத்தூரில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, வேற எதுக்கு வராட்டியும் போகுது. தார வாக்கறதுக்கு நீங்க இருக்கோணும்."

பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, பெற்றவர்கள் சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பதுதான் தாரை வார்ப்பது. கல்யாணத்தில் அப்பனுக்கென்று இருக்கிற வேலை அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் மண்டபத்துக்காரனும் சமையல்காரனும் பார்த்துக்கொள்வார்கள்.

"வைகாசிதான? பங்குனியிலயே வேல முடிஞ்சிரும். வந்தர்றன்," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

வேலை கயானாவில். தென்னமெரிக்காவின் வடக்கு ஓரம். டச்சுக்காரன் பிடித்து, அவனிடமிருந்து இங்கிலீஷ்காரன் பிடுங்கி, கரும்பு வெட்ட நம் சனங்களையும் கப்பலில் கொண்டுபோய் இறக்கிய நாடு. கரும்பெல்லாம் கடற்கரையோடு சரி. உள்ளே போனால் காடுதான், காட்டைத் தவிர ஒன்றுமில்லை. அந்தக் காட்டுக்குள் ஆற்றோரம் ஆதிகுடிகளின் ஊர் ஒன்று. மேலே தங்கம் தோண்டுகிறவர்கள் கலக்கியதில் ஆறு சேறாக ஓடியது. குடித்த பிள்ளைகளுக்கு வயிறு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கிணறு போட ஒரு தொண்டு நிறுவனம் ரிக் கேட்டிருந்தது.

வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பிராணன் போய்விட்டது. பாலம் இருக்க வேண்டிய இடங்களில் கட்டை அடுக்கி அடுக்கிக் கடந்தார்கள். பெரிய ஆற்றில் மிதவை ஒரு பக்கம் சாய்ந்தபோது, கூட வந்த அயோத்தியாப்பட்டணத்து மெக்கானிக் ஆரோன் கண்ணை மூடி மாதாவைக் கூப்பிட்டான். அன்பு செங்கோட்டு வேலவரைக் கூப்பிட்டான். இருவரில் யார் கேட்டாரோ, மிதவை கரை சேர்ந்தது. இவர்கள் போய் இறங்கிய அன்றே ஊர்த்தலைவி, தொண்டு நிறுவனத்து ஆளை வைத்து எச்சரித்தாள்: சித்திரை மாசம் போனால் மழை இறங்கிவிடும், அப்புறம் ஆடி முடிகிறவரை இந்தத் தடத்தில் வண்டி அசையாது.

சூடம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கித் துளையை ஆரம்பித்தார்கள். நாற்பதடி போவதற்குள் தண்ணீர் பீறிட்டுவிட்டது. பிள்ளைகள் அதில் நனைந்து ஒரே கூத்து.

"போதும்ணா. பைப்ப எறக்கிட்டுக் கெளம்பலாம்," என்றான் ஆரோன்.

அன்புக்குச் சிரிப்பு வந்தது. "நாப்பதடியில வர்றதெல்லாம் தண்ணியா சாமி? மேல்தண்ணி. நாலு மாசத்துல காஞ்சு போயிரும். அப்பறம் நம்மளத்தான் ஏசுவாங்க. இன்னும் போடு."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆயிரம் அடி போட்டாலும் புழுதியை மட்டும் கக்குகிற பூமியில் பிறந்தவன். அவன் வீட்டு போரே ஆயிரத்து இருநூறு அடி இறங்கிக் காற்று வாங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பதடித் தண்ணீரை நம்பி வெள்ளாமை வைத்தவன் எங்கள் பக்கத்தில் நடுத்தெருவுக்குத்தான் வருவான். ஆனாலும் அட கிறுக்கா, வானமே தெரியாமல் மரம் நிற்கிறது, காலடியில் மண் சொதசொதவென்று அமுங்குகிறது, அதையெல்லாம் பார்க்க வேண்டாமா? ஊர்த்தலைவிகூட வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவன் ராடை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

நூறு அடி தாண்டியதும் களிமண். பாறையைப் பொடியாக்குகிற ஹேமர் களிமண்ணில் என்ன செய்யும்? துளை உள்ளேயே சரிந்து ஹேமரையும் ராடையும் கவ்விக்கொண்டது. இழுக்க இழுக்க வண்டியைத் தாங்கிய ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கியது, ராடு அசையவில்லை. என்னென்னவோ செய்து பார்த்ததில் சித்திரை ஓடிப்போனது. ஊர்த்தலைவி சொன்னது போலவே மழை இறங்கியது.

ரிக் வண்டியை அநாதையாக விட்டுவிட்டு வரக்கூடாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது எழுதாத சட்டம்; ஒருத்தராவது வண்டியோடு படுக்க வேண்டும். ஊரிலிருந்து போனதோ இவர்கள் இரண்டு பேர்தான்.

"நான் இருக்கறேன்ணா, நீங்க போங்க. புள்ள கல்யாணம்," என்றான் ஆரோன். மலேரியா வந்து எலும்பும் தோலுமாக இருந்தான். சொல்லும்போதே பல் கிட்டியது.

அன்பு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். இவனைக் காட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பந்தலில் நிற்க முடியுமா?

"தப்பு எம்பட தப்பு. நீ போயி மருந்தப் பாரு சாமி. ஊட்டுல எப்புடியாச்சும் சொல்லிரு." ஆரோன் ஏறிய படகு கண்ணுக்கு மறைந்த பிறகு, வண்டியின் கேபினுக்குள் போய் உட்கார்ந்து அழுதான்.

மழை நாள் கணக்கில் பெய்தது. செல்போனில் சிக்னல் கிடையாது. ஊரார் மீனும் மரவள்ளிக்கிழங்கு ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மரவள்ளி வாசம் பட்டதும், மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே வளர்ந்த சேலத்துப் பக்கத்து ஆளுக்கு ஊர் ஞாபகம் வந்து ரொட்டி இறங்கவில்லை. நல்ல சனங்கள்தான். ஆனால் சிரிப்புக்கு மேல் அவர்களோடு பேச அவனிடம் வார்த்தை இல்லை. ஊருக்குப் பின்னால் டச்சுக்காரர் காலத்துச் செங்கல் கல்லறைகள் சில, பேர் அழிந்து வேருக்குள் கிடந்தன. அங்கே போய் உட்கார்ந்து தமிழில் பேசுவான். "நீங்களும் எதுக்காச்சும் காவலுக்கு இருந்தவங்களாப்பா?" என்று கேட்டிருக்கிறான். அந்தத் தனிமையை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

முகூர்த்த நாளன்று விடிவதற்கு முன்பே எழுந்து குளித்தான். பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த பட்டு வேட்டியைக் கட்டினான். ஆறு மணிக்கு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து, கிழக்கே பார்த்து நின்று, மகள் பேரைச் சொல்லி மெதுவாக மண்ணில் ஊற்றினான். ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. இங்கே விடிகிறபோது அங்கே மத்தியானமே தாண்டிவிடும். பந்தி முடிந்து, மண்டபத்தைக் கூட்டிவிட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஆத்தூர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆவணியில் தடம் காய்ந்து ஆட்கள் வந்தார்கள். மாட்டிய ராடை அறுத்து விட்டுவிட்டு, வண்டியைத் தள்ளி நிறுத்தி, நாற்பதடி போட்டுப் பைப்பை இறக்கினான். கண்ணாடி மாதிரி தண்ணீர் வந்தது. வேலை அரை நாளில் முடிந்துவிட்டது.

வீடு வந்து சேர்ந்தவனுக்குச் செல்வி சோறு போட்டாள். பிறகு டிவியில் கல்யாண வீடியோவைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வியின் அண்ணன் கண்ணுசாமியும் அவர் மனைவியும் யுவஸ்ரீ கையில் தண்ணீர் ஊற்றினார்கள். செல்வி தூரத்தில், தூண் ஓரத்தில் நின்றாள்.

"நீ எதுக்கு அங்க நிக்கற?"

"சோடியா நின்னுதானுங்க ஊத்தோணும். ஒத்தையில நான் என்னத்த ஊத்தறது? அதுதான் அண்ணனையும் நங்கையாளையும் நிக்கச் சொல்லிட்டன்."

தாரை வார்க்கிற பாக்கியம் தனக்கு மட்டும்தான் போனது என்று இத்தனை மாசமும் நினைத்திருந்தான். அவனுக்கு டிவியைப் பார்க்க முடியவில்லை. அவள் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னான்: நாற்பதடியில் தண்ணீர் வந்ததை, ஆரோன் போதும் என்றதை, தான் சிரித்ததை.

செல்வி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலாம்.

"நாப்பதடித் தண்ணிய எவனுங்க நம்புவான்? நானா இருந்தாலும் இன்னும் போடுங்கன்னுதான் சொல்லியிருப்பன்," என்றாள்.

வெளியே தண்ணி லாரி ஹாரன் அடித்தது. செல்வி எழுந்து இரண்டு குடங்களை எடுத்தாள். அவன் ஒன்றை வாங்கிக்கொண்டு, தெருவில் வரிசையில் அவள் பக்கத்தில் போய் நின்றான்.