சிக்கந்தர் பாய் கடையில் திரிந்த பால்

போன வாரம் அருப்புக்கோட்டைக்குப் போனபோது சிக்கந்தர் பாயைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். மூட்டுவலியில் கிடக்கிறார். நான் உட்கார்ந்ததும், துபாயிலிருந்து மகன் அனுப்பிய டப்பா ஒன்றை என் மடியில் வைத்தார்.

"என்னன்னு வாசிங்க தம்பி. தெம்புக்குன்னு மகன் சொல்றான்."

வாசித்தேன். மாட்டின் சீம்பாலைக் காயவைத்துப் பொடியாக்கியதாம். வளர்ந்த மனிதர்கள் சாப்பிடவாம். எதிர்ப்புச் சக்தி, குடல், மூட்டு, தோல் என்று உடம்பில் அது கைவைக்காத இடமே இல்லை. வழுக்கையைப் பற்றி மட்டும் ஒன்றும் போடவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

திறந்து மோந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. சீம்பால் கிண்டிய வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ! கருப்பட்டியும் ஏலக்காயும் கலந்து, லேசாக அடிப்பிடித்த வாசம். அதை நினைத்ததுமே திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டேன்.

எனக்கு அங்கேதான் முதல் வேலை. பாய் சவூதியிலிருந்து திரும்பி, சம்பாதித்ததையெல்லாம் கொட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை போட்டார். திறப்பு நாள் காலையில் முதல் டீக்குக் கூட்டம். வழக்கம்போல நான் முன்னால். புது அடுப்பு, புதுச் சட்டி. சூடேறிய பால் பொங்காமல் கட்டி கட்டியாகத் திரண்டது.

"மொதப் பாலே திரிஞ்சு போச்சே, கடை வெளங்குமா?" என்றார் ஒருவர், பாய் காதில் விழும்படியே. இந்தப் பேச்சு ஊருக்குள் பரவினால் கடையில் ஈ கூட உட்காராது. பாய் முகம் வெளிறிப்போனது.

பால் ஊற்றிய முத்துலட்சுமி அக்காவைக் கூட்டம் பிடித்துக்கொண்டது. அக்கா அசரவில்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"இது கெட்ட பாலு இல்லய்யா, சீம்பாலு! நேத்துத்தான் எருமை கன்னு போட்டுச்சு. எங்க வீட்டுக்காரு வாளிய மாத்திக் குடுத்துட்டாக."

கன்று குடித்தது போக, சொந்தபந்தத்துக்கும் பக்கத்து வீடுகளுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த வாளி அது. "மொதக் கறவை தானா ஒங்க கடையத் தேடி வந்துருக்கு பாய். இதவிட நல்ல சகுனம் வேணுமா?" என்றார் அக்கா. சற்றுமுன் சாபம் கொடுத்தவரே "அதானே!" என்று தலையாட்டினார்.

உயிர் வந்ததும் பாய்க்கு வியாபாரமும் வந்துவிட்டது. "அப்ப கிண்ணம் என்ன வெலைக்குப் போடலாம்?"

"ஆத்தாடி! சீம்பாலக் காசுக்கு வித்தா மாட்டுக்கு ஆகாது. நானும் வாங்க மாட்டேன், நீங்களும் வாங்கக் கூடாது."

பாய் பெருமூச்சு விட்டுக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கிண்டினார். வடைக்குக் கிழித்து வைத்திருந்த பேப்பரில் ஆளுக்குக் கொஞ்சம். நரிக்குடி பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்தார்கள். நேரமாச்சு என்று கத்திய பயணிகளும் பின்னாலேயே இறங்கினார்கள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி கை நீட்டினேன்.

"கண்ணாடித் தம்பிக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு" என்றார் பாய்.

அதன்பிறகு அது ராசியான கடையாகிவிட்டது. சுற்றுப்பட்டில் எந்த வீட்டில் மாடு கன்று போட்டாலும் பாய்க்கு ஒரு தூக்குவாளி வரும். அன்றைக்கு டீ வியாபாரம் படுத்துவிடும். புலம்பிக்கொண்டேதான் கிண்டுவார்.

இப்போது அங்கே செல்போன் கடை. அக்கா எருமைகளை விற்றுவிட்டு மகளோடு திருப்பூர் போய்விட்டார். அந்தத் தூக்குவாளிகளை நினைத்தால் எனக்கு இன்னும் ஏக்கமாக இருக்கிறது. காசுக்கு விற்கவே கூடாத பண்டம் இன்று விலை ஒட்டிய டப்பாவில் வருகிறது.

பாய் மெல்ல எழுந்து பாலில் அந்தப் பொடியைக் கலந்து அடுப்பில் வைத்தார். இரண்டு பேரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் அழகாகப் பொங்கி வந்தது.

"என்ன தம்பி, திரியவே மாட்டேங்குது?" என்றார் பாய். கடை திறந்த அன்று பால் திரிந்தபோது பார்த்தேனே, அதே முகம்.