ரத்தக்கட்டி எங்கிருந்து கிளம்பியது

நைனாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததற்கு நான்தான் காரணம் என்று பத்தொன்பது நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பி.டெக். முடித்தவன், எதையும் நெட்டில் தேடிப் பார்க்கிறவன். இருந்தும் நம்பினேன்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தூரில், எங்கள் வீட்டில். மேசையைத் துடைப்பதற்காக நைனா என் புது லேப்டாப்பைத் தூக்கினார். கை நழுவிக் கீழே விழுந்தது. திரையின் குறுக்கே விரிசல். ஶ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக வாங்கிய பொருள். கத்திவிட்டேன்.

"கண்ண எங்க வெச்சிக்கினு தூக்கற நைனா? இது இன்னா மாங்கா கூடையா?"

அதைவிட மோசமாகவும் சொன்னேன். எழுத மாட்டேன். நைனா பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் எடை போடுகிறவர். நான் ஒன்று சொன்னால் பதிலுக்குப் பத்து சொல்லாமல் விடமாட்டார். அன்று ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முறைக்கிறார் என்று நினைத்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மா அலறின பிறகுதான் வெளியே வந்தேன். நைனாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை தொங்கியது.

காரில் போட்டுக்கொண்டு திருப்பதிக்கு ஓடினோம். சந்திரகிரி தாண்டும்வரை அம்மா அவர் கையை அமுக்கிக்கொண்டே வந்தாள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிடவில்லை. நாலு நாளில் கை தூக்கினார், பேச்சு மெதுவாகத் திரும்பியது. அதன் பிறகு ஆரம்பித்தது தேடல். மூளையில் அந்தக் கட்டி உருவாகவில்லை, வேறு எங்கிருந்தோ கிளம்பிவந்து குழாயை அடைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தம். இ.சி.ஜி. நார்மல். எக்கோவில் இதயத்துக்குள் கட்டி இல்லை. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்குமோ என்று, கை நரம்பில் குமிழி கலந்த நீரை ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் இல்லை. ரத்தம் சீக்கிரம் உறைகிற குணமா, உள்ளே எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அடுத்த டெஸ்ட் என்ன என்று கேட்டேன். ஓட்டை இருந்தால் ஓட்டைதான் காரணம், நான் இல்லையே! பெற்ற அப்பனின் இதயத்தில் ஓட்டை இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட பிள்ளை நான்.

கடைசியில் டாக்டரம்மா தெலுங்கில் அம்மாவிடம் சொன்னார்: "ஊரிகே ராதம்மா. ஏதோ காரணம் உண்டுந்தி. மனக்கு இங்கா தொரகலேது."

சும்மா வராது, ஏதோ காரணம் இருக்கும், நமக்கு இன்னும் சிக்கவில்லை என்று அர்த்தம். அம்மா இருபது வருஷமாகச் சித்தூரில் தெலுங்கு பேசுகிறவள்தான். பயத்தில் அன்று அவள் காதுக்குத் தமிழ் மட்டுமே கேட்டிருக்கிறது. வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தாள்.

"ஊருக்கே வராதாம்டா. நம்ம வூட்டுக்கு மட்டும் ஏண்டா வந்துச்சி?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரும்ப உள்ளே போய் டாக்டரம்மாவிடம், "சண்ட போட்டா வருமா மேடம்?" என்றேன்.

"எவரிதோ?" யாரோடு என்று கேட்டார்.

"சும்மா, ஜெனரலா கேட்டேன்."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, இதயத் துடிப்பு எப்போதாவது தாளம் தப்பி, உடனே சரியாகிவிடலாம், ஒரு நாள் இ.சி.ஜி.யில் அது மாட்டாது என்று விளக்கினார். நைனாவின் நெஞ்சில் துடிப்பைப் பதிவு செய்கிற ஒரு பட்டையை ஒட்டி, இரண்டு வாரம் கழற்றக்கூடாது என்று அனுப்பினார். படபடப்பு வந்தால் நேரத்தை எழுதிவைக்க ஒரு தாளும் கொடுத்தார். நைனாவின் கை இன்னும் பேனா பிடிக்கவில்லை. எழுதுகிற வேலை எனக்கு.

பத்தொன்பதாம் நாள் அந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு காலைல நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சா நைனா?"

"நெஞ்சு ஒண்ணும் இல்ல. வெரலுதான். மேச தொடைக்க வர்றப்பவே மரத்துப் போச்சி. உன் பொட்டிய எடுத்தா, கையி எங்க கீதுன்னே தெரில."

பேனாவைக் கீழே வைத்தேன். "அப்பவேவா? நான் கத்தறதுக்கு முன்னாடியா?"

"பின்ன? வெரலு நல்லா இருந்தா அது ஏன்டா வுழுது?"

"சொல்ல வேண்டியதுதானே!"

"எங்க சொல்றது? நீ கத்திக்கினே கீற. வாயத் தொறந்தேன், நாக்கு வரல."

நான் காரணம் இல்லை. இதைக் கேட்கத்தானே இத்தனை நாள் தவித்தேன். ஆனால் அவர் முறைக்கவில்லை, கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைப் பார்த்துத்தான் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். எத்தனை நிமிஷம் சாத்தியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்கவும் இல்லை.

பட்டையிலும் ஒன்றும் சிக்கவில்லை. தோலுக்கடியில் வைக்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு, அது மாதக்கணக்கில் துடிப்பைக் கவனிக்கும், யோசியுங்கள் என்றிருக்கிறார் டாக்டரம்மா. யோசித்துக்கொண்டிருக்கிறோம். கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போதெல்லாம் நான் கூப்பிட்டு நைனா பதில் சொல்லவில்லை என்றால், எங்கே இருந்தாலும் எழுந்துபோய் அவர் முகத்துக்கு நேரே நிற்கிறேன். நேற்றும் போனேன்.

"நைனா, சிரி. ரெண்டு கையும் தூக்கு."

இரண்டு கையையும் தூக்கினார். மென்று விழுங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சோறு துன்னுக்கினு கீறேன்டா, லூசு."