வள்ளியக்காவின் நான்கு வாளித் தண்ணீர்

எங்கள் மியூசியத்தைக் கூட்டித் துடைக்கும் ஆனந்தவள்ளியக்காவுக்கு மரப் பைத்தியம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஏழரைக்கே வந்துவிடுவார். டிக்கெட் கவுண்டரைத் திறக்கும் நான் வருவது ஒன்பதரைக்கு. பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் கொல்லையில் கொளுத்தும் வெயிலில் சாப்பிடுவதை அக்காவால் பொறுக்க முடியவில்லை. பால் கவரில் மண் நிரப்பி மகிழம், புங்கன், வேம்பு என்று நாற்பது கன்று வளர்த்துவிட்டார். நடுவதற்குத்தான் இடமில்லை. கொல்லை முழுக்க ஏசி மெஷின்கள் அனல் கக்கிக்கொண்டிருந்தன.

பங்குனியில் புதுக் காப்பாட்சியர் ஆரிஃபா மேடம் எல்லோரையும் கூப்பிட்டார்.

"நம்ம ஏசிக்காக எங்கேயோ நிலக்கரி எரியுது. ஓலைச்சுவடி ரூமுக்கு மட்டும் ஏசி போதும். சிலை ஹாலுக்கு ஒரு மாசம் நிறுத்திப் பார்ப்போம். ஈரப்பத மீட்டர் அறுபதைத் தாண்டலைன்னா மெஷினைக் கழட்டிட்டு அங்க மரம் வைக்கலாம். தாண்டினா செப்புச் சிலைங்க மேல பச்சைக் களிம்பு ஏறிடும். அப்புறம் புது மெஷினுக்குக் கொல்லையில சிமென்ட்தான்."

அக்கா அன்று நாற்பது கன்றையும் இரண்டு முறை எண்ணினார். நான் தினமும் கவுண்டரைப் போட்டுவிட்டு மீட்டரைப் பார்க்க ஓடினேன். ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நான்கு. தலைகால் புரியாமல் குதித்தேன். வெள்ளிக்கிழமை எழுபத்தொன்று. அடுத்த வெள்ளி எழுபத்துமூன்று. இன்னும் இரண்டு வெள்ளி பார்ப்பதாக மேடம் சொன்னார்.

"காவிரிக் காத்து" என்றார் வாட்ச்மேன் மாத்ருபூதம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காவிரிக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் டூட்டியாங்க?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். நேராக மேடம் முன்னால் போய் நின்றார்.

"நாந்தாங்க மேடம். பெருமாளும் தாயாரும் இருக்கற எடத்தை வெள்ளிக்கிழமை கழுவாம விட முடியுமா? பதினெட்டு வருஷமா நாலு வாளித் தண்ணி ஊத்திக் கழுவறேன். நீங்கல்லாம் வர்றதுக்குள்ள வழிச்சு விட்டுடுவேன்."

அடப்பாவமே, பதினெட்டு வருஷம் அக்கா ஊற்றியதை ஏசி காயவைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மேடம் திட்டவில்லை. "இனிமே காய்ஞ்ச துணி மட்டும் போதும்க்கா" என்றார்.

"கழுவாத எடத்துல அவங்க எப்படி மேடம் நிப்பாங்க?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் வெள்ளி நானும் ஏழரைக்கே போய்விட்டேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஹால் வாசலில் நான்கு வாளியும் ததும்பி நின்றன. அக்கா உள்ளே காய்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சிலைகளின் முன்னால் போய் நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாளிகளைத் தூக்கிக் கொல்லைக்கு நடந்தார். கன்றுகள் குடித்தன.

மீட்டர் ஐம்பத்துமூன்று. அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல். நான்காம் வெள்ளியும் அறுபதைத் தொடவில்லை. ஓலைச்சுவடி ரூம் மெஷின் ஒன்று தவிர எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள்.

கன்று நட்ட அன்று, பெருமாள் சிலைக்கு நேர் எதிரே, ஜன்னலுக்கு வெளியே முதல் குழியைத் தோண்டச் சொன்னார் அக்கா. மகிழங்கன்றை நட்டு, நான்கு வாளியையும் சுற்றி ஊற்றினார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, உள்ளே இருப்பவரிடம் சொன்னார்.

"வாசல் தெளிச்சாச்சு."