ருசி பார்க்காத சமையற்காரர்

நூலால் இறுகக் கட்டிய பன்செட்டாச் சுருளை அவர் அறுக்கும்போது மிளகின் மணம் முதலில் எழும். உப்பிட்டு உலர்த்திய பன்றி வயிற்றிறைச்சியின் மணம் பிறகே வரும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சில்க்போர்க் நகரில் ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறை அது. தலைமைச் சமையற்காரர் யாழ்ப்பாணத்தவர். படிப்புக்கிடையே நான் அவருக்குத் துணைச் சமையலாளியாக இருந்தேன். பட்டிமன்ற மேடையில் தோற்றறியாதவள் என்ற செருக்கும் அப்போது எனக்கு இருந்தது.

வன்னியில் போருக்குள் இருந்த தன் தம்பியின் தொலைபேசி அழைப்பு நின்ற நாளில் அவர் மச்சம், மீனும் இறைச்சியும், உண்பதை விட்டார். அவன் குரலைக் கேட்கும்வரை மரக்கறிதான் என்று நேர்த்திக்கடன். பன்செட்டாவோ துண்டுக்குத் துண்டு உப்பு மாறுவது. நாக்கில் வைத்துப் பாராமல் அதில் சோஸ் செய்ய இயலாது. எனவே என் நாக்கு அவர் நாக்காயிற்று.

"தங்கச்சி, உப்பு எப்பிடி?"

"காணும், அண்ணை. போதும்."

"உன்ரை காணுமும் என்ரை காணுமும் ஒண்டில்லை," என்று முகம் சுளிப்பார். உப்புக் கரிக்கிறதென்று ஒரே வாரத்தில் மூன்று தட்டுகள் திரும்பி வந்தன. மூன்றும் என் நாக்கின் தோல்விகள்.

யுத்தம் முடிந்தது. வன்னிச் சனத்தை அடைத்திருந்த முகாம்களிலிருந்து இங்கே பலருக்கு உறவினரின் அழைப்பு வந்தது. அவருக்கு மாதங்கள் கடந்தும் வரவில்லை. மறுபடியும் ஒரு தட்டுத் திரும்பிய பிற்பகலில், எரிச்சல் தாளாமல் அடுப்பருகே நின்று வாதம் தொடுத்தேன். "தம்பி உயிரோடை இருந்தா, நீங்கள் இப்பிடிக் கிடக்கிறதை விரும்புவாரோ? இல்லையெண்டா அந்தியேட்டி செய்து அந்த ஆன்மாவை அனுப்ப வேணும். எதெண்டாலும் இந்த விரதத்தாலை ஆருக்கு என்ன பலன்?" கைதட்டலுக்கென்றே கட்டிய வாதம் அது. மறுப்புக்கு ஒரு வாசலையும் நான் விட்டு வைக்கவில்லை.

அவர் அடுப்பைத் தணித்தார். "மேடைக்காறியோடை ஆர் கதைச்சு வெல்லுறது? சரி, நீ வெண்டிட்டாய்." சட்டியிலிருந்து ஒரு பன்செட்டாத் துண்டை விரலால் எடுத்து வாயிலிட்டு, நெடுநேரம் மென்றார். "உப்புக் கூடிப்போச்சுத்தான்," என்றார். அன்றே ஐயரிடம் நாள் கேட்டார்.

அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். "செய்தி வந்ததோ? ஆர் சொன்னது?" என்று வந்தவர்கள் கேட்டார்கள்.

"செய்தி ஒண்டுமில்லை. இந்தப் பிள்ளைதான் விளங்கப்படுத்தினது," என்று என்னைக் காட்டினார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இப்போதும் மேடையேறுகிறேன். எதிரணியின் வாதத்தையும் எழுதிப் பார்த்துவிட்டே பேசுவது என் வழக்கம். அன்றைய என் வாதத்துக்கு மறுப்பு எழுத எத்தனையோ முறை அமர்ந்தாயிற்று. ஒரு வரிகூட வரவில்லை. வந்தாலும், தம்பிக்குப் பிண்டம் வைத்து முடித்தவரிடம் அதை எந்த வாயால் சொல்வேன்?