சாரலுக்குக் கட்டிய தார்ப்பாய்

ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் சுடலையாண்டிக்குக் கை சும்மா இருக்காது. அச்சன்புதூரில் அவர் வீட்டு ஓட்டில் ஒரு பொட்டுத் தண்ணீர் ஒழுகியதில்லை. தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வாட்ச்மேனாகச் சேர்ந்த பிறகும் மீட்டர் பெட்டி, ஜன்னல் இடுக்கு, டாக்டரின் ஸ்கூட்டர் சீட் என்று சாரல் படுகிற எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. சென்டரில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அங்கே இருப்பது எம்.ஆர்.ஐ. மிஷின். அதன் காந்தம் திரவ ஹீலியத்தின் கடுங்குளிரில் கிடக்கும். எப்போதாவது அது சூடேறிவிட்டால் ஹீலியம் மொத்தமும் வாயுவாகப் பொங்கும்; அறைக்குள் நிறைந்தால் மூச்சு முட்டும். அது வெளியேற மொட்டைமாடிக்கு ஒரு குழாய் போகிறது. மிஷினைப் பொருத்திய என்ஜினீயர் போகிற போக்கில், "இந்தக் குழாய்லதான் உயிரே இருக்கு, பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார். சுடலையாண்டி பார்த்துக்கொண்டார். குற்றாலத்துச் சாரல் பக்கவாட்டில் அடிக்கத் தொடங்கியதும் குழாயின் வாயைத் தார்ப்பாயால் சுற்றி, கம்பி போட்டு முறுக்கிக் கட்டினார்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஒருநாளும் வேலை வராத குழாய்தானே என்று மாடிப் பக்கமே எட்டிப் பார்க்காத சென்டர்காரர்கள் மேல்தான் கோபம். ஆபத்துக்கென்று வைத்ததை ஆபத்து வந்த பிறகா பார்ப்பது?

ஆடியில் ஒரு காலை, அவர் மனைவி முப்பிடாதியம்மாளுக்கு இடுப்பு ஸ்கேன். டெக்னீஷியன் நூர்நிஷா அவளை மிஷினுக்குள் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்த சற்று நேரத்தில் காந்தம் சூடேறிக் குமுறியது. அறை முழுக்க வெள்ளைப் புகை. கதவு உள்பக்கம் திறப்பது; வாயுவின் அழுத்தத்தில் அசையவே இல்லை.

"அண்ணாச்சி, கேஸு மேல போக மாட்டேங்கு! குழாய்ல என்ன கெடக்கு?" என்று கத்தினாள் நூர்நிஷா.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மாடிக்கு ஓடினார். அவர் முறுக்கிய கம்பி அவருக்கே அவிழவில்லை. ஈரத்தில் விரல் வழுக்கியது. கீழே நூர்நிஷா நாற்காலியால் ஸ்கேன் அறையின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். அழுத்தம் இறங்கிக் கதவு திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் முப்பிடாதியம்மாளை இழுத்து வந்தாள். அவளுக்குப் பேச்சுமூச்சில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தாள்.

"மிஷின் கோளாறு மதினி" என்றாள் நூர்நிஷா.

"பொய் சொல்லாத தாயி" என்றார் சுடலையாண்டி. மனைவி பக்கம் திரும்பினார். "ஏட்டி, மிஷின் மேல குத்தமில்ல. மழ உள்ள போயிரக் கூடாதுன்னு நான்தான் குழாய் வாயக் கெட்டுனேன். ஒன் மூச்ச அடச்சது நான்தான்."

 முப்பிடாதியம்மாள் ஊசி ஏற்றாத கையை அவர் பக்கம் நீட்டினாள். அதைப் பிடிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.