டயர்கடை பாய் விழுந்ததில்லை

“ரெண்டு சக்கரத்துல ஏறின நாள்லேர்ந்து இந்த கலீலுல்லா மண்ணுல உழுந்ததா சரித்திரம் கெடையாது. கல்ராயன் மலையே குலுங்கினாலும் நான் குலுங்க மாட்டேன். எழுதிக்கோங்க!”

இதைச் சொல்லும்போது கலீலுல்லா பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு டியூபை அழுத்திப் பிடித்திருப்பார். சொல்லி முடித்ததும் டியூபிலிருந்து நாலு குமிழி வரும். அதைத் தம் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலாக எடுத்துக்கொள்வார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் காலையில் கடை திறந்ததும் ஒருமுறை, சாயங்காலம் சங்கராபுரம் பஸ் போனதும் ஒருமுறை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூடுதலாக ஒருமுறை இந்தச் சரித்திரம் வாசிக்கப்படும். வெறும் காற்றடிக்க வந்தவர்களும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

சரித்திரம் உண்மைதானா என்று நான் முறைப்படி விசாரித்தேன். எதிர்ச்சாரி சலூன்காரர் முதல் சைக்கிள் கடைக்காரர் வரை, அவரைப் பிடிக்காதவர்கள் பதினோரு பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒருவரும் அவர் விழுந்து பார்த்ததில்லை. அந்தக் குறை அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

நாற்பத்து மூன்று வயது. புகையிலைக் காம்பு போன்ற உடம்பு. அவருடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைப் பார்த்தால், செய்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. மட்கார்டு சக்கரத்தை விட்டு ஒரு முழம் உயர்ந்திருக்கும். சைலன்சர் மேல்நோக்கி வளைந்து, பின்னால் வருபவரின் மூக்கைக் குறிபார்க்கும். தார் ரோட்டில் ஓட்டுவதை அவர் வண்டி ஓட்டுவதாகவே ஒப்புக்கொள்வதில்லை. “அது கட்டில்ல படுத்துகினு போறாப்பல. வண்டின்னா மண்ணுல போவணுங்க. மேடு வரணும், பள்ளம் வரணும், வயித்துல ஒரு கூச்சம் வரணும்.” மெட்ராஸ் பக்கம் ஒரு தடவை மோட்டோகிராஸ் பந்தயம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தப் பேச்சு. மேடும் பள்ளமுமாக மண்ணில் ஒரு பாதை போட்டு, அதில் வண்டிகளைத் துள்ளவிடும் பந்தயம் அது. டயர் சீக்கிரம் தேயட்டும் என்றுதான் பாய் இப்படி ஊரைக் கெடுக்கிறார் என்று சலூனில் ஒரு கருத்து உண்டு. அதை நான் நம்பவில்லை. தேய்ந்த டயரைப் பார்த்தால் அவருக்கு வியாபாரம் மறந்துவிடும், “எந்தக் காட்டுல ஓட்டினீங்க?” என்று ஆசையாகக் கேட்பார்.

இந்த ஆசைக்கு நெய் ஊற்றியது போன வருஷத்துச் சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். புளியமரங்கள் குறுக்கே படுத்தன. பஸ் நின்றது. பால்காரர், பெண் பார்க்கப் போனவர், கருமாதிக்குப் போனவர் எல்லோரும் வண்டியை வயலில் இறக்கினார்கள். கரும்புக் கொல்லை ஓரமும் காய்ந்த ஏரியும் பாதையாயின. “ஒரு வாரம் ஜில்லாவே மோட்டோகிராஸ் ஓட்டுச்சுங்க, பேரு தெரியாமயே!” என்பார் கலீலுல்லா. ரோடு திறந்ததற்கு வருத்தப்பட்டவர், எனக்குத் தெரிந்து, அவர் ஒருவர்தான்.

அந்த ஜில்லாவை மறுபடி மண்ணில் இறக்குவது என்று கங்கணம் கட்டினார். ‘மண்ணில் பறக்க வாரீர்’ என்று நோட்டீஸ் அடித்துச் சங்கராபுரம் சந்தையில் கொடுத்தார். வந்தவர்கள் மூன்று பேர். மூவரும் சர்க்கஸ் என்று நினைத்து, யானை எங்கே என்று கேட்டார்கள். மண்ணில் ஓட்டிக் காட்டுபவருக்கு ஒரு பஞ்சர் இலவசம் என்று போர்டு எழுதினார். பஞ்சரை ஒட்டிக்கொண்டு தார் ரோட்டிலேயே போய்விட்டார்கள்.

தப்பித் தவறி ஆசைப்பட்டு வந்தவரையும் அவரே விரட்டினார் என்பதுதான் விசேஷம். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் சடையன் ஒருநாள் கற்றுக்கொள்ள வந்தார். பதினெட்டுப் பேரை உள்ளேயும் ஏழு பேரை வெளியேயும் ஏற்றி மலைப்பாதையில் தினம் இறங்குகிற மனிதர். அவரைப் பின்னால் உட்காரவைத்து, முதல் பாடமாக ஓர் ஓடையைத் தாண்டிக் காட்டினார் கலீலுல்லா. இரண்டாவது பாடத்துக்கு முன் சடையன் இறங்கி மலைக்கு நடந்தே போய்விட்டார். “பிரேக்கு புடிக்காத ஜீப்பையே எறக்கி இருக்கேங்க. பாய் பின்னாடி உக்காந்தன்னிக்குத்தான் பொண்டாட்டி புள்ள நெனப்பு வந்துது” என்றார் என்னிடம்.

வீட்டில் மெஹ்ராஜ் பேகம் இந்த விஷயத்தில் வேறு கட்சி. ஊரிலேயே இருந்த ஒரே ஹெல்மெட்டில் அவர் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தார். “காத்தோட்டமா இருக்குதுங்க, அழுவிப் போறதில்ல” என்று எனக்கு விளக்கம் தந்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். “ஏங்க, ‘உழுந்ததே இல்ல, உழுந்ததே இல்ல’ன்னு தண்டோரா போட்டுக்கினு இருந்தா எவன் வருவான்? புதுசா ஓட்றவன் உழத்தான செய்வான்? அடி படுமேன்னா பயப்படறான்? நாலு பேரு சிரிப்பானேன்னுதான் பயம்.”

“நான் உழாததுக்கு நான் இன்னா பண்ணுவேன்?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. கடையில உக்காந்துகினு சரித்திரம் படிங்க.”

இந்த நிலையில்தான் தியாகதுருகத்து ராஜாங்கம் கடைக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது, பதினாலு ஏக்கர், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. மறியலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அவர் கோஷம் போட்டுக்கொண்டிருந்தபோது, சற்றுத் தள்ளி, அவருடைய சொந்த வாய்க்காலையே ஒரு ராஜ்தூத் தாண்டிப் போனது. அந்தக் கோஷத்தின் பின்பாதியை அன்று கூட்டம் தானாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

“இன்னா பாய், அன்னிக்கு என் வாய்க்காலத் தாண்டினது நீதான?”

கலீலுல்லா டியூபைத் தொட்டியிலேயே விட்டார். “அண்ணே, கரை ஒடையலண்ணே. சக்கரம் படவே இல்ல.”

“அது தெரியும், போய்ப் பாத்தேன். எப்பிடித் தாண்டின?”

அரைமணி நேரம் கழித்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். “ரோட்டோரமா ரெண்டு ஏக்கரு தரிசாக் கெடக்குது” என்றார் ராஜாங்கம். “வர்ற ஞாயித்துக்கெழம பந்தயம் வுடு. நானும் ஓட்றேன். நல்லாப் போச்சுன்னா நெலத்த நீயே வெச்சிக்கோ. ஊரு சிரிச்சுதுன்னா, திங்கக்கெழம காலையில ஏரு பூட்டிடுவேன். ஆமா.”

அவர் ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் இன்னும் ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். கலீலுல்லா அந்த வாரம் முழுக்க மண்வெட்டியோடு அலைந்தார். மேடு கட்டினார், பள்ளம் வெட்டினார், வெட்டிய பள்ளத்தைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை மழை பெய்து இரண்டாவது வளைவைச் சேறாக்கியது. “அல்லாவே தண்ணி தெளிச்சு வுட்டாரு” என்று கும்மாளமிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். வேர்க்கடலை வண்டி இரண்டு, ஐஸ் பெட்டி ஒன்று. நிலக்காரர் என்ற மரியாதையில் ராஜாங்கம்தான் முதலில் ஓட்ட வேண்டும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டித் தம் வண்டியில் ஏறினார். மெஹ்ராஜ் பேகம் ஹெல்மெட்டைக் கொட்டிக் கொடுத்தார். வெங்காயச் சருகு இரண்டு ராஜாங்கத்தின் காதோரம் ஒட்டிக்கொண்டது. முதல் மேட்டை ஏறி இறங்கியபோது “ஆங்!” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், ஐம்பத்திரண்டு வயதுத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று நான் நினைக்கவே இல்லை. கூட்டமும் கூடவே கத்தியது. ஆறு பேரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது வளைவில் வண்டி ஒரு பக்கமும் ராஜாங்கம் ஒரு பக்கமுமாகப் பிரிந்தார்கள்.

கூட்டத்தில் யாரோ, “அண்ணன் நடவுக்கு எறங்கிட்டாருடா!” என்றார்கள். முந்நூறு பேரும் சிரித்தார்கள். வேர்க்கடலைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ராஜாங்கத்துக்கு அடி ஒன்றும் இல்லை. எழுந்தார். மீசையில் சேறு. ஹெல்மெட்டைக் கழற்றினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. “போதும் பாய். நாளைக்குக் காலையில ஏரு” என்று சொல்லிவிட்டு வரப்பை நோக்கி நடந்தார். ஆறு பேரில் ஒருவருக்குத் திடீரென்று பஸ் நேரம் ஞாபகம் வந்தது. இன்னொருவர் மடித்த சட்டைக் கையைப் பிரித்துவிட்டுக்கொண்டார். மூன்றாமவர், “எனக்கு மொதல்லேர்ந்தே இடுப்பு வலி” என்றார்.

கலீலுல்லா வாயைத் திறந்தார். சரித்திரம் வாசிக்கப் போகிறார், காரியம் கெட்டது என்று நான் பயந்தேன். அவரோ தம் ராஜ்தூத்தை உதைத்துக் கிளப்பினார்.

முதல் மேட்டில் தாவவில்லை. பால்காரர் கேனோடு போகிற வேகத்தில் ஏறி, அதே வேகத்தில் இறங்கினார். இரண்டாவது வளைவுக்கு வந்தார். ஓரமாகக் காய்ந்த தடம் இருந்தது. எருமைகூட அதில்தான் போயிருக்கும். அவர் சேற்றின் நடுவுக்குத் திருப்பினார். சக்கரம் வழுக்கவில்லை. ஹேண்டில் ஆடவில்லை. அவருடைய இரண்டு கைகளும் ஹேண்டிலை விட்டு விலகியதை, பக்கத்தில் நின்ற காரணத்தால், நான் பார்த்தேன்.

தொப்பென்று ஒரு சத்தம்.

முந்நூறு பேரும் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். சலூன்காரர் ஆனந்தத்தில் பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டார். “பாயே உழுந்துட்டாருடோய்!” என்று ஆறு பேரில் ஒருவர் கத்த, இடுப்புவலிக்காரர் அடுத்தது தாம்தான் என்று ஹெல்மெட் கேட்டார். அது இன்னும் ராஜாங்கத்தின் கையில் இருந்தது. வரப்பு வரை போயிருந்தவர் திரும்பிப் பார்த்தார், உதடு துடித்தது, பிறகு அவரும் சிரித்துவிட்டார். “குடுக்க மாட்டேன் போ, எனக்கு இன்னும் ஒரு சுத்து இருக்குது” என்று ஹெல்மெட்டோடு சேற்றை நோக்கி வந்தார்.

கலீலுல்லா மல்லாந்தபடியே, காதுவரை சேறாக, கையை மேலே நீட்டினார்.

“வழுக்கிடுச்சுண்ணே. கொஞ்சம் தூக்கி வுடுங்க.”