ஏலிக்குட்டி போட்ட குணுக்கு

"சேடத்தி, இந்த வீட்டுல யாருக்காச்சும் பேதியா?"

கேட்டவர் பைலி; ஏலிக்குட்டியை 'அண்ணி' என்கிற மாதிரி 'சேடத்தி' என்றுதான் கூப்பிடுவார். அவர் முன்னால் இருந்த தட்டில் வேகவைத்த சிறுபயறு. மேலே கொஞ்சம் தேங்காய்த் துருவல், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். எண்ணெய் என்ற பேச்சே இல்லை. வாசல் போர்ச்சில் மேசையைச் சுற்றி இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் சிரித்தார்கள். ஆறாவது ஆள் ஏலிக்குட்டியின் புருஷன் குரியாச்சன். அவர் கையிலிருந்த சீட்டை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பேதி இல்ல பைலி, பஞ்சம். ரப்பர் விலை கிடக்குற கிடப்புக்கு இதுதான்" என்று ஏலிக்குட்டியும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுக்களைக்கு வந்து, பானை மூடியைத் தேவையே இல்லாமல் எடுத்து டணாரென்று வைத்தாள்.

அவளுக்கு அது சின்ன அவமானமா? மீனச்சில் ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் அவள் செய்கிற மாட்டிறைச்சி வறுவலுக்கு ஒரு பேர் உண்டு. தேங்காய்ச் சில்லும் குருமிளகும் கறிவேப்பிலையும் போட்டு, உருளியில் கறுக்கக் கறுக்க வறுத்து எடுப்பாள். அவள் கட்டிக்கொண்டு வந்த காலத்திலிருந்தே இந்தப் போர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை 'ஐம்பத்தாறு' சீட்டாட்டம் உண்டு. பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். மூன்று பேர் ஒரு கட்சி, மூன்று பேர் எதிர்க்கட்சி. சாயங்காலம் கோயில் மணி அடித்தால்தான் எழுந்திருப்பார்கள். அவள் ஒரு நாளும் சீட்டைத் தொட்டதில்லை. ஆனால் வறுவலும் பருப்புவடையும் உள்ளேயிருந்து வந்த பிறகுதான் ஆட்டம் சூடுபிடிக்கும். ஒரே மகள் அயர்லாந்தில் நர்ஸ். அந்த வீட்டில் மனிதச் சத்தம் கேட்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான்.

அப்படிப்பட்டவள் பயறு அவித்துக் கொடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? கஞ்சப் பிசினாறி என்று பேர் வைத்துவிட்டது. ஏலிக்குட்டிக்கும் கை முடங்கிப் போச்சா என்று மீன்காரி முகத்துக்கு நேரே கேட்டாள்.

உண்மை இதுதான். மழை தொடங்கும் முன்னால் ஒரு காலையில், ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் குரியாச்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அடைப்பு இரண்டு என்றார்கள். ஒன்றைச் சரிசெய்தார்கள். இன்னொன்றைத் தொட முடியாது, மருந்தும் வாய்க்கட்டும்தான் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டர். உப்பைக் குறை, எண்ணெயை விடு, மாட்டிறைச்சியை மறந்துவிடு. பெங்களூரில் சொந்தக்காரர் கல்யாணம் என்று ஊருக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத்தான் அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்தப் பொய் குரியாச்சன் சொல்லிக் கொடுத்தது.

"பைலிக்குத் தெரியக் கூடாது. ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது" என்று கட்டிலில் படுத்தபடியே சத்தியம் வாங்கினார். "தொம்மனுக்கு நாங்க செஞ்சதை அவங்க எனக்குச் செய்வாங்கடி."

தொம்மன் அவர்களோடு ஆடியவர். ஈரல் கெட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது எல்லாருமாகச் சேர்ந்து அவரை ஜெயிக்க வைத்தார்கள். இந்த ஆட்டத்தில் எல்லாவற்றையும் வெட்டுகிற ஜாக்கி கையில் இருக்கும்போதே வெறும் சீட்டை எறிந்தார்கள். இந்த ஆட்டத்தில் தோற்றுத் தோற்றுக் கையிருப்பெல்லாம் போன கட்சிக்காரன் காதில் குணுக்கு மாட்டுவது வழக்கம். மரத்தடியில் விழுந்து கிடக்கும் தென்னங்குரும்பையில் ஈர்க்கைக் குத்தி, ஈர்க்கை மடித்துக் காதைக் கவ்வ வைப்பார்கள். ஒரு ஆட்டம் திரும்ப ஜெயிக்கிறவரை கழற்றக் கூடாது. பாதிரியார் வந்தாலும் சரி, சம்பந்தி வந்தாலும் சரி. தொம்மன் கடைசி நாட்களில் தோற்றபோது யாரும் குரும்பை பொறுக்கப் போகவில்லை.

"அவன் அன்னைக்கு எங்களை ஒரு பார்வை பார்த்தான் பாரு" என்றார் குரியாச்சன். "காதுல குணுக்கு ஏறலைன்னதுமே அவனுக்கு விளங்கிடுச்சு, நாங்க அவனைக் குழியில இறக்கிட்டோம்னு. எனக்கு அது வேண்டாம். நான் சாகுறவரைக்கும் என்னை அடிச்சு ஆடணும்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு எதைக் கொண்டுபோவது? மற்றவர்களுக்கு வறுவலும் அவருக்கு மட்டும் அவித்ததும் வைத்தால் அந்த நிமிஷமே குட்டு உடைந்துவிடும். ஆறு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே பண்டம் என்று முடிவெடுத்தாள். மூளையைக் கசக்கி யோசித்தாள். நேந்திரம்பழத்தை ஆவியில் வேகவைத்துத் துண்டாக்கி, துண்டுக்கு ஒரு ஈர்க்கு குத்தினாள். கையில் ஒட்டாது, சீட்டும் அழுக்காகாது. சேனையும் காச்சில் கிழங்கும் அவித்து, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் புளியும் வைத்து இடித்த சட்னி கொடுத்தாள்; அந்தக் காரத்தில் உப்பு குறைந்தது யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டாள். வெல்லத்தைப் பாதியாக்கி இலையடை. இஞ்சி தட்டிப் போட்ட நீர்மோர். ருசியில் குறை சொல்ல முடியாதுதான். ஆனால் வறுவலுக்கு வந்த நாக்கு சேனைக்கு மடங்குமா?

மடங்கவில்லை. அடுத்த ஞாயிறு பைலி கள்ளுக்கடையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை வாங்கிவந்து மேசை நடுவில் பிரித்தார். கறுத்த மாட்டிறைச்சி, எண்ணெய் இலையில் ஓடியது.

"சேடத்தி கோவிச்சுக்காதீங்க. ஆட்டத்துக்குத் தெம்பு வேணும்ல. டேய் குரியா, எடுத்துக்க."

ஏலிக்குட்டி கதவோரம் நின்று பார்த்தாள். குரியாச்சன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு துண்டு எடுத்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே. இன்னொன்று எடுத்தார். அவர் தின்ற துண்டுகளை இவள் எண்ணிக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை ரப்பர் வெட்டப் போனவர் மேட்டில் பாதியில் நின்று, மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அதற்கடுத்த ஞாயிறும் பொட்டலம் வந்தது. பைலி இன்னொன்றும் சொன்னார்.

"பேசாம ஆட்டத்தை என் வீட்டுக்கு மாத்திடலாம்டா. சேடத்திக்கும் கஷ்டம் இல்ல, நம்ம நாக்குக்கும் கஷ்டம் இல்ல."

"ஆகட்டும்" என்றார் குரியாச்சன்.

அந்த 'ஆகட்டும்' ஏலிக்குட்டியைப் பிடித்து உலுக்கிவிட்டது. பைலி வீட்டில் இவர் என்ன தின்கிறார் என்று யார் பார்ப்பது? வாரா வாரம் கண் முன்னால் சாவை ஊட்டுகிறான் இந்தத் தடியன், அதுவும் பாசமாக ஊட்டுகிறான். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவள் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் பைலியை நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பைலி சுவரைப் பிடித்துக்கொண்டார். "நானே வாங்கிட்டு வந்து குடுத்தேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

"அழுவாதீங்க. பொட்டலம் கொண்டு வராதீங்க, ஆட்டத்தை மாத்தாதீங்க, அது போதும். யாருக்கும் சொல்லாதீங்க. எப்பவும்போல ஆடுங்க."

"அம்மாவாணை" என்றார் பைலி. அன்றைக்கே மற்ற நாலு பேருக்கும் சொல்லியிருப்பார். வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை சேனைக்கிழங்கு போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே. "இன்னும் கொஞ்சம் இருக்கா சேடத்தி?" என்றார் பைலி. குரியாச்சன் கட்சியில் ஆடும் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் தாமோதரன் நாயர், "இதுதான்டோ மனுசன் தின்ன வேண்டியது, ராத்திரி நெஞ்செரிச்சல் இல்ல" என்று பிரசங்கமே செய்தார். தட்டு வழித்து வந்தது. ஏலிக்குட்டிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது.

எதிர்க்கட்சியில் ஆடிய பைலியைக் குரியாச்சன் ஜெயித்தார். அடுத்த வாரமும் ஜெயித்தார். "பைலிக்கு வயசாயிடுச்சுடி, எப்ப எதை இறக்கணும்னே தெரியல" என்று கஞ்சி குடிக்கும்போது சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போதே உள்ளே சுருக்கென்றது. எப்பவும்போல ஆடச் சொன்னேனே, இந்தப் பாவிகள் என்ன செய்கிறார்கள்? அடுத்த பூசையில் பைலியிடம் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். கேட்கவில்லை. புருஷன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கலைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஜெயிப்பு தலைக்கேறினால் யாருக்கும் நிதானம் போகும். மழை விட்ட ஒரு ஞாயிறு, குரியாச்சன் கையில் ஒன்றும் இல்லாமலே, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலத்தை ஏற்றினார். தோற்றார். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் ஏற்றினார். பைலி எவ்வளவோ விட்டுக்கொடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு ஜெயிப்பது எப்படி? சாயங்காலத்துக்குள் குரியாச்சன் கட்சியின் கையிருப்பெல்லாம் துடைத்துப் போய்விட்டது.

ஏலிக்குட்டி அப்போதுதான் ஈர்க்கு குத்திய நேந்திரம்பழத் தட்டோடு வெளியே வந்தாள். குரியாச்சன் சிரித்துக்கொண்டே காதைத் தேய்த்துவிட்டு, "போடா பைலி, போய்ப் பொறுக்கிட்டு வா" என்றார்.

யாரும் அசையவில்லை.

"மழை இருட்டிட்டு வருது" என்றார் பைலி, மேசையைப் பார்த்துக்கொண்டே. "குணுக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்டா."

நாயர் சாரைப் பார்த்தார் குரியாச்சன். நாயரும் தோற்ற கட்சி. அவர் காதிலும் ஏற வேண்டியது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சிரிப்பு குரியாச்சன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. சேனைக்கிழங்கு வழித்துப் போனது, பொட்டலம் நின்றது, போன வாரத்து ஜெயிப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்கு விளங்குவதை ஏலிக்குட்டி நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"எடி, சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சத்தியம் வாங்கினேனேடி. உயிரோட இருக்கும்போதே என்னைப் புதைச்சுட்டியே."

"குரியா, சேடத்தி மேல தப்பு இல்ல, நான்தான்" என்று பைலி ஆரம்பித்தார்.

"நீ பேசாத. நீ தொம்மனுக்குப் போட்ட சீட்டு எனக்குத் தெரியும்." குரியாச்சன் சீட்டுக்கட்டை மேசையில் தள்ளினார். "போங்க எல்லாரும். இனிமே இங்க ஆட்டம் இல்ல."

ஏலிக்குட்டி தட்டை மேசையில் வைத்தாள்.

"எங்க போறது? ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. இத்தனை வருசம் உங்களுக்கு வேகவெச்சுப் போட்டேன், கஞ்சப் பிசினாறின்னு பேர் வாங்கினேன், ஒரு வார்த்தை பேசினேனா? பைலி, எப்பவும்போல ஆடச் சொன்னேன்ல. அவரை ஜெயிக்க வைங்கன்னு உங்கள யார் கேட்டா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "இச்சாயா, நீங்க தின்னுட்டுச் சாகுறதைக் கதவோரம் நின்னு பாக்க என்னால ஆகாது. அதனாலதான் சொன்னேன். தப்புன்னா தப்புதான், இன்னும் நூறு தடவை கேட்டாலும் சொல்லுவேன்."

அவள் படியிறங்கித் தென்னை மரத்தடிக்குப் போனாள். குனிந்து, இருப்பதிலேயே பெரிய குரும்பையாகப் பொறுக்கினாள். திரும்பி வந்து, தட்டிலிருந்த ஒரு பழத்துண்டிலிருந்து ஈர்க்கை உருவிச் சேலையில் துடைத்து, குரும்பையில் குத்தினாள். எத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் மடிப்பு ஒரு தடவை வழுக்கியது.

"தோத்தீங்கல்ல, காதைக் காட்டுங்க."

குரியாச்சன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார். ஈர்க்கு கவ்வியபோது முகம் சுளித்தார். அது நன்றாகவே கடித்தது. நாயர் எழுந்து, தனக்கும் தங்கள் கட்சியின் மூன்றாமவருக்கும் குரும்பை பொறுக்கப் போனார். பைலி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"சீட்டைக் கலைடா" என்றார் குரியாச்சன். "இனி ஒரு ஜாக்கியை ஒளிச்சேன்னு தெரிஞ்சா, என் சாவுக்கு நீ வரக் கூடாது."

மணி அடிக்கிறவரை ஆடினார்கள். பைலி அன்றைக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. குரியாச்சன் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

அதனால் சாயங்காலப் பிரார்த்தனைக்குத் திருஇருதயப் படத்தின் முன்னால் அவர் காதில் குரும்பையோடுதான் முட்டி போட்டார். ஏலிக்குட்டிக்கு ஜெபம் பாதியில் விட்டு விட்டுப் போனது. கண்ணீர் வந்தது, நடுவில் சிரிப்பும் வந்தது. எழுந்ததும் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தாள். அவர் இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அதைக் கழட்டுங்க, காது புண்ணாயிடும்" என்றாள்.

"மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவனை ஜெயிச்சுட்டுத்தான் கழட்டுவேன்."

"அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கணும்ல" என்று கிண்ணத்தை நகர்த்தினாள். "குடிங்க."

உப்புப் போதாத அந்தக் கஞ்சியை அவர் அடிவரை குடித்தார்.